போட்டோவைச் சுருக்குவது அவர்கள் வேலை இல்லை, உன் வேலை

தங்கச்சிக்கு,

வங்கி வேலைக்கு ஐபிபிஎஸ் விண்ணப்பம் போட்டவர்கள் யாரையாவது கேட்டுப் பார். போட்டோ 200க்கு 230 பிக்சல் இருக்க வேண்டும். 20 கேபிக்குக் குறையக் கூடாது, 50 கேபியைத் தாண்டவும் கூடாது. கையெழுத்து 140க்கு 60 பிக்சல், 10 முதல் 20 கேபிக்குள். டிகிரி முடித்த பிள்ளைகளே இதற்காக பிரவுசிங் சென்டருக்குப் போய், காசு கொடுத்து, போட்டோவைச் சுருக்கி வாங்கி வருகிறார்கள். கம்ப்யூட்டர் ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளாத வேலை அது. அதைக் கம்ப்யூட்டரிடம் கொடுக்காமல் ஊரில் உள்ளவர்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

நீ கட்டிக்கொண்டிருக்கும் தளத்தில் சுங்குடியும் கைத்தறியும் விற்கும் பெண்கள் தங்கள் போனிலிருந்தே புடவைப் படங்களை ஏற்றப் போகிறார்கள். அவர்களிடம் பிக்சல் என்ற வார்த்தையே நீ பேசக் கூடாது. எந்தப் படம் வந்தாலும் வாங்கிக்கொள். வாங்கியதை நம்பாதே. வந்ததை வந்தபடி யாருக்கும் காட்டாதே. இந்த மூன்றும் சரியாக நடக்க வேண்டுமென்றால் என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதியிருக்கிறேன். நீ எழுதுவது பைத்தானா, நோட்.ஜேஎஸ்ஸா, பிஎச்பியா என்பது முக்கியமில்லை. கருவிகளின் பெயர்தான் மாறும்.

1. வாசலை அகலமாகத் திற

இன்றைய போன் போட்டோ சாதாரணமாக 3, 4 எம்பி வரும். என்ஜினெக்ஸ் சர்வரை நிறுவியபடியே விட்டால் 1 எம்பிக்கு மேல் எதையும் உள்ளே விடாது. உன் நிரலுக்கு விஷயமே தெரியாது; படம் ஏற்றியவர் முன்னால் 413 என்று ஆங்கிலத்தில் ஒரு வெள்ளைப் பக்கம் நிற்கும். பிஎச்பியில் இது இன்னும் மோசம். ஒரு ஃபைலுக்கு 2 எம்பி, முழுப் படிவத்துக்கும் 8 எம்பி என்பதுதான் அதன் இயல்பான வரம்பு. படிவ வரம்பைத் தாண்டினால் படத்தோடு சேர்த்து விலை, விவரம் என்று நிரப்பியதெல்லாம் காலியாக வந்து சேரும். நாலு படம் சேர்த்து அனுப்பியவரிடம் "விலையை நிரப்பவும்" என்று உன் தளம் கண்டிக்கும்.

ஒரு படத்துக்கு 20 எம்பி என்று வைத்துக்கொள். வெளியே நிற்கும் என்ஜினெக்ஸின் வரம்பு, உள்ளே இருக்கும் உன் நிரலின் வரம்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். அப்போதுதான் "படம் ரொம்பப் பெரிதாக இருக்கிறது, வேறொன்றைத் தேர்ந்தெடுங்கள்" என்று தமிழில் நீ சொல்ல முடியும்.

நெட்வொர்க் மெதுவாக இருக்கும் ஊர்களுக்காக, பிரவுசரிலேயே கேன்வாஸ் வழியாகப் படத்தைச் சிறிதாக்கி அனுப்பலாம். டேட்டாவும் மிச்சம், நேரமும் மிச்சம். ஆனால் அது வசதிக்காக மட்டும். பிரவுசரிலிருந்து வருவதை யார் வேண்டுமானாலும் மாற்றி அனுப்பலாம் என்பதால் சர்வரில் செய்யும் சோதனை ஒன்றையும் அதற்காகக் குறைக்காதே.

2. பெயரைப் பார்க்காதே, பைட்டைப் பார்

ஃபைல் பெயர் ஜேபிஜி என்று முடிகிறது என்பதால் அது ஜேபெக் படம் ஆகிவிடாது. பிரவுசர் சொல்லும் வகையும் அந்தப் பெயரை வைத்துச் சொல்வதுதான். உண்மையான ஜேபெக் ஃபைல் 255, 216, 255 என்ற மூன்று பைட்டில் தொடங்கும். பிஎன்ஜி என்றால் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்று எட்டு பைட். முதலில் இதைச் சரிபார். பிறகு படத்தை முழுமையாகத் திறந்து பார். பாதியில் அறுந்த அப்லோடுக்கும் தலைப்பகுதி சரியாகத்தான் இருக்கும்.

படங்களை மாற்ற இமேஜ்மேஜிக் பயன்படுத்துகிறாய் என்றால் 2016 மே மாதம் வெளியான இமேஜ்டிராஜிக் ஓட்டையைப் பற்றிக் கட்டாயம் படி. ஜேபிஜி என்று பெயர் வைத்த ஃபைலுக்குள் வேறு வடிவத்தில் கட்டளையை எழுதி அனுப்பினால், சர்வர் அந்தக் கட்டளையையே ஓட்டிவிடும் என்று அப்போது தெரிந்தது. அது அடைக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: உனக்கு வேண்டிய நாலைந்து வடிவங்களை மட்டும் அனுமதி, மற்றதையெல்லாம் இமேஜ்மேஜிக்கின் கொள்கை ஃபைலில் மூடிவிடு.

எஸ்விஜியை வெளியாட்களிடமிருந்து வாங்கவே வாங்காதே. பார்க்கத்தான் படம், உள்ளே ஜாவாஸ்கிரிப்ட் வைக்க இடம் உண்டு. புடவைப் படத்துக்கு அது தேவையும் இல்லை.

அவர்கள் வைத்த ஃபைல் பெயரைச் சேமிப்பகத்தில் பயன்படுத்தாதே. தமிழ்ப் பெயர், இடைவெளி, இரண்டு புள்ளியும் சாய்கோடும் போட்டு மேல் ஃபோல்டருக்குத் தாவும் தந்திரம், எல்லாம் அந்தப் பெயர் வழியாகத்தான் வரும். படத்தின் உள்ளடக்கத்தை வைத்து ஷா-256 ஹாஷ் எடுத்து அதையே பெயராக வை. ஒரே படத்தை இரண்டு முறை ஏற்றினாலும் ஒரே ஃபைல்தான் சேரும்.

ஐபோன் விஷயம் தனி. 2017-ல் வந்த ஐஓஎஸ் 11 முதல் அது படங்களை எச்இஐசி வடிவத்தில் சேமிக்கிறது. போனின் கேலரியிலிருந்து ஏற்றும்போது பெரும்பாலும் ஜேபெக்காக மாறி வந்துவிடும். கம்ப்யூட்டருக்கு மாற்றி அங்கிருந்து ஏற்றினால் எச்இஐசியாகவே வரும். நோட்.ஜேஎஸ்ஸின் ஷார்ப் நூலகத்தைச் சும்மா நிறுவினால் அதற்கு இதைத் திறக்கத் தெரியாது. பைத்தானின் பில்லோ நூலகத்துக்கும் தனிச் செருகுநிரல் வேண்டும். அதை இப்போதே சேர்த்துவிடு. "இந்த வடிவம் ஏற்கப்படாது" என்று சொன்னால் அந்த அம்மா என்ன செய்வார்? பிரவுசிங் சென்டருக்குத்தான் போவார்.

3. எம்பியை விடு, பிக்சலை எண்ணு

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் சறுக்கும் இடம் இது. ஃபைலின் எடை வேறு, அதைத் திறந்தால் மெமரியில் பிடிக்கும் இடம் வேறு. 4000க்கு 3000 போட்டோ என்றால் 1 கோடியே 20 லட்சம் பிக்சல். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட். ஆக 4 எம்பி ஃபைல் திறந்ததும் 36 எம்பி ஆகிவிடும். 50 மெகாபிக்சல் கேமரா போட்டோ 150 எம்பியைத் தொடும். பிஎச்பியின் ஜிடி நூலகம் பிக்சலுக்கு நாலு பைட் எடுக்கும். அதன் இயல்பான மெமரி வரம்போ 128 எம்பிதான். 50 மெகாபிக்சல் படம் வந்த உடனே நிரல் நின்றுவிடும்.

இதையே வேண்டுமென்று செய்கிறவர்களும் உண்டு. 20,000க்கு 20,000 அளவில், ஒரே நிறத்தில் நிரப்பிய, பிக்சலுக்கு ஒரே பிட் கொண்ட பிஎன்ஜியைச் செய்தால் ஃபைல் 100 கேபிகூட வராது. 20 எம்பி வரம்பைச் சிரித்துக்கொண்டே தாண்டும். வண்ணப் படமாகத் திறந்தால் 1.2 ஜிபி மெமரியை விழுங்கும்.

அதனால் முழுப் படத்தையும் திறப்பதற்கு முன், தலைப்பகுதியை மட்டும் படித்து அகலத்தையும் உயரத்தையும் பெருக்கிப் பார். பில்லோ 8.9 கோடி பிக்சலைத் தாண்டினால் எச்சரிக்கும். அதன் இரண்டு மடங்கைத் தாண்டினால் திறக்க மறுக்கும். ஷார்ப்பின் வரம்பு 26.8 கோடி. சாதாரணப் படங்களுக்கு இரண்டுமே அதிகம். ஆனால் 200 மெகாபிக்சல் கேமரா என்று விளம்பரம் வரும் காலம் இது. நியாயமாகப் படம் எடுத்தவரைத் தடுக்காதபடி, உன் சர்வரின் மெமரியை வைத்து வரம்பை நீயே முடிவு செய்.

ஜேபெக்கில் ஒரு வசதி உண்டு. அதைத் திறக்கும்போதே இரண்டில், நாலில், எட்டில் ஒரு பங்கு அளவாகத் திறக்கலாம். ஷார்ப் இதைத் தானாகவே செய்யும். பில்லோவில் ரீசைஸ் என்ற கட்டளைக்குப் பதில் தம்ப்நெயில் என்பதைக் கூப்பிட்டால் அதுவும் செய்யும். மெமரியும் நேரமும் நன்றாகக் குறையும்.

4. ஒரிஜினலைப் பத்திரமாக வை

பழைய ஸ்டுடியோக்காரர் நெகட்டிவை எப்படி வைத்திருந்தாரோ அப்படி வை. பிரிண்ட் எத்தனை வேண்டுமானாலும் போடலாம், நெகட்டிவ் ஒன்றுதான். ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுணுக்கத்தைத் தள்ளிவிட்டுச் சேமிக்கிறது. 1600 பிக்சல் படத்திலிருந்து 640, அந்த 640-இலிருந்து 320 என்று இறங்கிக்கொண்டே போனால் ஒவ்வொரு படியிலும் புதிதாகக் கொஞ்சம் தள்ளப்படும். எந்த அளவு வேண்டுமானாலும் ஒரிஜினலிலிருந்தே நேராக எடு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படம் என்றால் அது ஏற்கெனவே ஒருமுறை சுருங்கியது. அதற்கு மேல் நீயும் இரண்டு தடவை சுருக்காதே.

ஒரிஜினலைப் பொதுவில் திறந்து வைக்காதே. எஸ்3 போன்ற சேமிப்பகம் என்றால் ஒரிஜினலுக்கு மூடிய பக்கெட், காட்டுவதற்கு எடுத்த படங்களுக்கு வேறு பக்கெட். ஏன் என்று ஆறாவது பகுதியில் தெரியும்.

5. முதலில் நிமிர்த்து, பிறகு வெட்டு

"என் படம் படுத்துக்கொண்டு வருகிறது" என்ற புகார் நிச்சயம் வரும். காரணம் இதுதான். போனை எப்படிப் பிடித்தாலும் உள்ளே இருக்கும் சென்சார் ஒரே வாட்டத்தில்தான் படத்தைப் பதிகிறது. "இதைத் திருப்பிக் காட்டவும்" என்று, படத்தோடு சேர்ந்து வரும் எக்ஸிஃப் என்ற தகவல் பகுதியில் 1 முதல் 8 வரை ஓர் எண்ணை எழுதிவைக்கிறது. 1 என்றால் நேராக இருக்கிறது. 6 என்றால் வலப்பக்கமாக 90 டிகிரி திருப்ப வேண்டும். கேலரியும் இன்றைய பிரவுசர்களும் அந்த எண்ணை மதித்துத் திருப்பிக் காட்டிவிடும். அதனால் ஒரிஜினலைப் பார்த்தால் தவறு தெரியவே தெரியாது. நீ படத்தைச் சிறிதாக்கிச் சேமிக்கும்போது பெரும்பாலான நூலகங்கள் எக்ஸிஃப் பகுதியை உதறிவிடும். எண் போய்விடும், பிக்சல் மட்டும் படுத்தபடியே இருக்கும்.

திறந்த உடனே, வேறு எந்த வேலைக்கும் முன்னால், எண்ணைப் படித்துப் பிக்சலையே திருப்பிவிடு. பில்லோவில் எக்ஸிஃப்-டிரான்ஸ்போஸ், ஷார்ப்பில் எந்தக் கோணமும் கொடுக்காத ரொட்டேட், இமேஜ்மேஜிக்கில் ஆட்டோ-ஓரியண்ட். ஜிடி இதைத் தானாகச் செய்யாது. எக்ஸிஃப்பைத் தனியாகப் படித்து நீதான் திருப்ப வேண்டும். வரிசை முக்கியம்: வெட்டிய பிறகு திருப்பினால், மேல்பக்கம் என்று நினைத்து இடப்பக்கத்தை வெட்டியிருப்பாய்.

6. வீட்டு விலாசத்தை வெளியே விடாதே

அதே எக்ஸிஃப்பில் போன் மாடல், எடுத்த நேரம், லொகேஷன் திறந்திருந்தால் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் இருக்கும். உன் தளத்தில் விற்கும் பெண்களில் பெரும்பாலோர் வீட்டில்தான் படம் எடுப்பார்கள். அந்தப் படத்தை அப்படியே வெளியிட்டால் அவர்கள் வீட்டு வாசலை மேப்பில் குறித்துக் கொடுத்த மாதிரி.

2012 டிசம்பரில் ஜான் மெக்காஃபி, அந்த வைரஸ் தடுப்பு மென்பொருளைத் தொடங்கியவர், பெலீஸ் நாட்டிலிருந்து தப்பி ஒளிந்திருந்தார். அவரோடு இருந்த பத்திரிகைக்காரர்கள் ஐபோனில் எடுத்த படம் வெளியானது. அதிலிருந்த லொகேஷனை வைத்து அவர் குவாத்தமாலாவில் இருப்பதை உலகமே கண்டுபிடித்துவிட்டது. அவர்கள் பத்திரிகைக்காரர்கள்; அவர்களுக்கே தோன்றாத விஷயம் புடவை விற்கிறவருக்குத் தோன்றவேண்டும் என்று நீ எதிர்பார்க்க முடியாது.

ஷார்ப் இதை இயல்பாகவே நீக்கிவிடும். பில்லோவில் ஜேபெக்காகச் சேமித்தாலும் நீயாகச் சொன்னால் ஒழிய எக்ஸிஃப் படத்தோடு வெளியே போகாது. இமேஜ்மேஜிக் வைத்துக்கொள்ளும், நீதான் நீக்கச் சொல்ல வேண்டும். எதுவானாலும், வெளியே போகும் படத்தைத் திரும்பத் திறந்து லொகேஷன் இல்லை என்று உறுதி செய்யும் ஒரு டெஸ்ட்டை எழுதி வை. நாளைக்கு யாராவது நூலகத்தை மாற்றினாலும் அந்த டெஸ்ட் கத்தும்.

7. அரக்கு அரக்காகவே தெரிய வேண்டும்

புடவை வியாபாரத்தில் நிறம் மாறினால் புடவையே திரும்பி வரும். 2016-ல் வந்த ஐபோன் 7 முதல் ஐபோன் கேமரா டிஸ்பிளே பி3 என்ற அகலமான நிறவெளியில் படம் பிடிக்கிறது. எந்த எண் எந்த நிறம் என்பதைச் சொல்லும் ஐசிசி புரொஃபைல் ஒன்று படத்தோடு வரும். எக்ஸிஃப்பை நீக்கும் வேகத்தில் இதையும் வெறுமனே நீக்கிவிட்டால், பிரவுசர் அந்த எண்களை எஸ்ஆர்ஜிபி என்று நினைத்துக் காட்டும். அரக்குச் சிவப்பு சோகை பிடித்துத் தெரியும். மயில் கழுத்து நிறத்தில் பளபளப்பே இருக்காது.

செய்ய வேண்டியது: முதலில் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்று, பிறகு புரொஃபைலை நீக்கு. ஷார்ப் தானாகவே மாற்றிவிடுகிறது. பில்லோவில் இமேஜ்சிஎம்எஸ் என்ற தொகுதியை வைத்து நீ மாற்ற வேண்டும். சும்மா ஜேபெக்காகச் சேமித்தால் புரொஃபைல் போய்விடும், நிறம் மாறியிருக்காது. ஜிடிக்குப் புரொஃபைல் பற்றி ஒன்றும் தெரியாது. நிறம் முக்கியமான தளத்துக்கு ஜிடி வேண்டாம் என்று நான் சொல்ல இது ஒன்றே போதும்.

அடுத்தது பிரஸ்காரர் கொடுக்கும் படம். நோட்டீஸ், பேனர் போடும் டிசைனர்கள் அச்சுக்கான சிஎம்ஒய்கே ஜேபெக்கைக் கொடுப்பார்கள். அதையும் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றியாக வேண்டும். மாற்றாமல் விட்டால் நிறம் கண்டபடி போகும். "72 டிபிஐயில் கொடுக்கணுமா, 300-ஆ?" என்று அவர் கேட்டால் எதுவாக இருந்தாலும் சரி என்று சொல்லிவிடு. திரையில் பிக்சல் எண்ணிக்கை மட்டும்தான் கணக்கு.

பின்னணி நீக்கிய பிஎன்ஜியை ஜேபெக்காக மாற்றும்போது, ஒளி ஊடுருவும் இடமெல்லாம் கறுப்பாகிவிடலாம். முன்கூட்டியே வெள்ளைப் பின்னணியில் ஒட்டிவிட்டுச் சேமி. ஷார்ப்பில் இதற்கு ஃபிளாட்டன் என்று பெயர்.

8. எத்தனை அளவு, எப்படிச் சிறிதாக்குவது

உன் பக்க வடிவமைப்பிலிருந்து தொடங்கு. போனில் ஒரு வரிசைக்கு இரண்டு புடவை காட்டினால் ஒவ்வொன்றுக்கும் கிட்டத்தட்ட 170 அலகு அகலம். திரையின் அடர்த்தி இரண்டு மூன்று மடங்கு என்றால் 340 முதல் 510 பிக்சல் வேண்டும். புடவைப் பக்கம் போனின் முழு அகலம்: 360 அலகு, மூன்று மடங்கானால் 1080. லேப்டாப்புக்கு 1600. ஜரிகையைப் பெரிதாக்கிப் பார்க்கிறவர்களுக்கு 2400. ஆக 320, 640, 1080, 1600, 2400 என்று ஐந்து அளவு போதும். 4000க்கு 3000 படத்தை 640க்கு 480 ஆக்கினாலே பிக்சல் எண்ணிக்கை கிட்டத்தட்ட நாற்பதில் ஒரு பங்குக்கு வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாதபடி தரத்தைக் குறைத்து மட்டும் இந்த மிச்சம் கிடைக்காது.

அகலம் உயரம் இரண்டையும் நீயே நிர்ணயித்து இழுக்காதே. புடவை கட்டிய பெண் குட்டையாகவோ ஒட்டடைக்குச்சியாகவோ ஆகிவிடுவாள். ஒரு பக்கத்தைக் கொடு, மறுபக்கத்தை விகிதப்படி நூலகம் கணக்கிடட்டும். சிறிய படத்தைப் பெரிதாக்காதே: 500 பிக்சல் படம் வந்தால் 320 மட்டும் எடு, அதற்கு மேல் ஒரிஜினல் அளவிலேயே விடு. ஷார்ப்பில் இதற்கு வித்அவுட்-என்லார்ஜ்மென்ட் என்ற தெரிவு உண்டு. பில்லோவின் தம்ப்நெயில் எப்போதுமே பெரிதாக்காது.

சதுரமாக வேண்டும் என்று நடுவில் வெட்டினால், ஆள் உயரப் படத்தில் மேலே தலை போகும், கீழே கரை போகும். கரைதான் புடவையின் விலையையே சொல்லும். பட்டியலில் மூன்றுக்கு நான்கு என்ற நின்ற வடிவத்தை வைத்துக்கொள். பொருந்தாத படத்தை வெட்டாமல் ஓரத்தில் வெளிர் நிறம் நிரப்பு. வெட்டியே ஆக வேண்டும் என்றால் எந்தப் பகுதி வேண்டும் என்று ஏற்றுகிறவரையே விரலால் நகர்த்தித் தேர்ந்தெடுக்கச் சொல். அந்த இடத்தை எண்ணாகச் சேமித்துக்கொள், ஒரிஜினலை வெட்டாதே.

எந்த ஃபில்டரில் சிறிதாக்குகிறாய் என்பதும் முக்கியம். அருகிலுள்ள பிக்சலை மட்டும் எடுக்கும் நியரஸ்ட் முறையில் சுங்குடியின் சின்னப் புள்ளிகளில் சில காணாமலே போகும். கட்டம் போட்ட புடவையில் இல்லாத அலைகள் தோன்றும். சுற்றியுள்ள பிக்சல்களைச் சேர்த்துக் கணக்கிடும் லான்சோஸ் ஃபில்டரைப் பயன்படுத்து. பில்லோவில் கவனம்: 256 நிறப் பட்டியல் கொண்ட பிஎன்ஜி, ஜிஃப் படங்களுக்கு நீ லான்சோஸ் கேட்டாலும் அது நியரஸ்ட்டைத்தான் போடும். முதலில் ஆர்ஜிபியாக மாற்றிக்கொள்.

9. எந்த வடிவம், எவ்வளவு தரம்

ஜேபெக் 1992-ல் வந்தது, எங்கேயும் திறக்கும். கூகுள் 2010-ல் கொண்டுவந்த வெப்பி, அதே தரத்துக்கு ஜேபெக்கைவிட 25 முதல் 34 சதவீதம் சிறியது என்பது கூகுள் சொல்லும் கணக்கு. 2020-ல் சஃபாரி 14-ம் ஏற்றுக்கொண்டதால் இன்று அதைத் தயங்காமல் முதல் வடிவமாக வைக்கலாம். ஏவிஐஎஃப் இன்னும் சிறியது. குரோம் 2020-இலும், ஃபயர்ஃபாக்ஸ் 2021-இலும், சஃபாரி 2022-இலும் அதற்கு வழிவிட்டன. ஆனால் அதை உருவாக்க நேரமும் பிராசசரும் அதிகம் பிடிக்கும். சின்ன சர்வரில் தொடங்குகிறாய். வெப்பியும் ஜேபெக்கும் இப்போதைக்குப் போதும். பிக்சர் டேகில் வெப்பியை முதலிலும் ஜேபெக்கை மாற்றாகவும் கொடு. பில் மாதிரி எழுத்துள்ள ஸ்கிரீன்ஷாட்டுக்கு பிஎன்ஜி அல்லது இழப்பில்லா வெப்பி. ஜேபெக்கில் எழுத்தைச் சுற்றி அழுக்கு படியும்.

தரம் 80 என்பது 80 சதவீதம் என்று அர்த்தமில்லை. அது ஓர் அளவுகோல் எண், அவ்வளவுதான். பில்லோவின் இயல்பு 75, ஷார்ப்பின் இயல்பு 80. 75 முதல் 85க்குள் உன் சொந்தப் புடவைப் படங்களில் வைத்துப் பார்த்து முடிவு செய். 95க்கு மேல் போகாதே. ஃபைல்தான் பெருக்கும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

ஜேபெக் இயல்பாக நிறத் தகவலை மட்டும் அகலத்திலும் உயரத்திலும் பாதியாக்கிச் சேமிக்கும். முகத்துக்கும் மரத்துக்கும் இது தெரியாது. நீல உடலில் மெல்லிய சிவப்புக் கரைக்கோடு ஓடும் புடவையில் தெரியும், கோடு கலங்கும். 2400 அளவு ஜேபெக்குக்கு மட்டும் நிறக் குறைப்பு இல்லாத 4:4:4 முறையைப் போடு. சிறிய அளவுகளுக்குத் தேவையில்லை.

10. அவரைக் காக்க வைக்காதே

ஐந்து அளவு, இரண்டு வடிவம் என்றால் ஒரு படத்துக்குப் பத்து ஃபைல். இதையெல்லாம் அப்லோடு கோரிக்கைக்குள்ளேயே செய்தால் அந்த அம்மா சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நெட் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. படத்தைச் சோதி, ஒரிஜினலைச் சேமி, வேலையைக் கியூவில் போடு, "வந்துவிட்டது" என்று உடனே பதில் சொல். மீதியை வொர்க்கர் பார்த்துக்கொள்ளும். பைத்தானில் செலரி, நோடில் புல்எம்க்யூ, பிஎச்பியின் லாராவெல்லில் அதன் சொந்தக் கியூ.

அதுவரை அவருடைய போனில் இருக்கும் படத்தையே பிரவுசர் காட்டட்டும். டேட்டாபேஸில் ஒவ்வொரு படத்துக்கும் நிலை வை: வந்தது, நடக்கிறது, தயார், தோல்வி. தோல்வி என்றால் காரணத்தையும் எழுதி வை. ஒரே வேலை இரண்டு முறை ஓடினாலும் அதே விளைவு வரும்படி எழுது; கியூவில் அப்படி நடப்பது சகஜம்.

வொர்க்கர் எத்தனை ஓடலாம் என்பதை மூன்றாவது பகுதியின் கணக்கை வைத்து முடிவு செய். பெரிய படம் ஒன்று, திருப்பும்போதும் நிறம் மாற்றும்போதும் எடுக்கும் நகல்களோடு சேர்த்து, பல நூறு எம்பி கேட்கலாம். 2 ஜிபி சர்வரில் எட்டு வொர்க்கரை ஓடவிட்டால் ஆடித் தள்ளுபடி அன்றைக்கு எல்லாம் சேர்ந்து விழும்.

11. காட்டும் இடத்தில்

பத்து ஃபைலைத் தயாரித்துவிட்டு பக்கத்தில் 1600-ஐ மட்டும் போட்டால் என்ன பயன்? இமேஜ் டேகில் எஸ்ஆர்சிசெட் கொடுத்து எல்லா அளவையும் சொல், சைசஸ் கொடுத்து எவ்வளவு அகலத்தில் காட்டப் போகிறாய் என்று சொல். பிரவுசரே பொருத்தமானதை எடுத்துக்கொள்ளும். சைசஸை விட்டுவிட்டால் படம் திரை முழுக்க வரப்போகிறது என்று நினைத்துப் பெரியதையே இறக்கும்.

அகலம், உயரம் இரண்டையும் டேகிலேயே எழுது. இல்லாவிட்டால் படம் வந்து சேரும்போதெல்லாம் பக்கம் குதிக்கும். "வாங்கு" பட்டன் என்று நினைத்து வேறொன்றைத் தொட்டுவிடுவார்கள். கீழே உள்ள படங்களுக்கு லேசி லோடிங் போடு. திறந்ததும் கண்ணில் படும் முதல் படத்துக்குப் போடாதே, அது தாமதமாகும்.

ஃபைல் பெயரில் ஹாஷ் இருப்பதால் ஒரு வருட கேஷ் தாராளமாகக் கொடுக்கலாம். தரத்தையோ அளவையோ மாற்றினால் பெயரோடு ஒரு பதிப்பு எண்ணையும் மாற்று. விற்பவர் படத்தை நீக்கினால் ஒரிஜினல், பத்து நகல்கள், சிடிஎன் கேஷ், எல்லாவற்றிலும் நீக்கு. நீக்கு என்று அவர் சொன்னது பட்டியலிலிருந்து மறை என்ற அர்த்தத்தில் இல்லை.

பத்து ஃபைலை முன்கூட்டியே செய்யாமல், கேட்கும்போது செய்துகொடுக்கும் இமேஜ்பிராக்ஸி, தம்போர் போன்ற சர்வர்களும் இருக்கின்றன. நல்லவைதான். ஆனால் முகவரியிலேயே அகலத்தை எழுதும் முறை அது. 1 முதல் 9999 வரை ஒவ்வொன்றாகக் கேட்டு உன் சர்வரை ஒருவர் படுக்க வைக்கலாம். இரண்டிலும் முகவரிக்குக் கையொப்பம் இடும் வசதி உண்டு. அதைப் போடாமல் வெளியே விடாதே.

12. சோதனைக்கு ஒரு ஃபோல்டர்

கீழே உள்ளவற்றைச் சேர்த்து ஒரு ஃபோல்டரில் வை. நிரலைத் தொடும்போதெல்லாம் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்.

- திருப்பு எண் 1 முதல் 8 வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு படம்
- லொகேஷன் உள்ள போன் படம்
- பி3 நிறவெளியில் எடுத்த ஐபோன் படம், ஓர் எச்இஐசி
- பிரஸ்காரர் கொடுத்த சிஎம்ஒய்கே ஜேபெக்
- ஒளி ஊடுருவும் பிஎன்ஜி, 256 நிற பிஎன்ஜி
- அசையும் ஜிஃப் (முதல் காட்சி மட்டும் போதுமா, அசைய வேண்டுமா என்று முடிவு செய்துகொள்)
- ஒரு பிக்சல் படம், 12,000க்கு 600 பனோரமா, நீளமான ஸ்கிரீன்ஷாட்
- பாதியில் அறுந்த ஜேபெக்; காலி ஃபைல்; ஜேபிஜி என்று பெயர் மாற்றிய எழுத்து ஃபைல்
- ஒரே நிறத்தில் நிரப்பிய 20,000க்கு 20,000 பிஎன்ஜி

எதை முதலில் செய்வது?

இத்தனையும் ஒரே வாரத்தில் முடியாது, முடிக்கவும் வேண்டாம். வரிசையை இப்படி வை. பிறகு சரிசெய்துகொள்ள முடிந்தது எது, முடியாதது எது என்று பிரி. வெப்பி இல்லாமல் தொடங்கினால் அடுத்த மாதம் ஒரிஜினலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். அளவு தவறா, தரம் கூடுதலா, நிறம் வெளுத்ததா, படம் படுத்திருக்கிறதா? ஒரிஜினல் கையில் இருந்தால் ஒரு ராத்திரி வொர்க்கரை ஓடவிட்டால் சரியாகிவிடும். ஒரிஜினலையே அழித்துவிட்டால் அதன்மேல் என்ன செய்தாலும் திரும்பி வராது. லொகேஷனோடு வெளியே போன படத்தையும் இன்னொருவர் கம்ப்யூட்டரிலிருந்து உன்னால் பிடுங்க முடியாது. வரம்பில்லாமல் திறந்த சர்வர் விழுந்தால் அன்றைய வியாபாரம் அன்றோடு போனதுதான்.

ஆகவே முதல் வாரத்தில் நாலு மட்டும்: வாசல் வரம்பைச் சரிசெய், பிக்சலை எண்ணிவிட்டுத் திற, ஒரிஜினலை மூடிய இடத்தில் வை, வெளியே போவதில் லொகேஷன் இல்லை என்று டெஸ்ட் எழுது. மற்ற எல்லாவற்றையும் புடவை விற்க ஆரம்பித்த பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அக்கா